கொம்பில் இருந்த நீலம்

எண்பதுகளின் இறுதியில் கீழ்க்கட்டளையில் குடியிருந்தோம். பொங்கல் முடிந்த வாரம், ஏரிப் பக்கம் மேயப் போன எங்கள் கிடா திரும்பவில்லை. அது என் மனைவி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. தெருத் தெருவாகத் தேடி அழுதாள்.

எதிர்வீட்டுக்காரருக்கு வேட்டைப் பைத்தியம். சுட்ட மிருகத்தின் தலையைக் கொல்லையில் வேகவைத்து, சதையைச் சுரண்டி, மண்டையோட்டைப் பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டுவார். கோடையில் தெருவையே விருந்துக்கு அழைத்தார். கூடத்தில் புதிதாக ஒரு தலை இருந்தது.

"காட்டாடு சார். வண்டலூர் காட்டுல ஒரே குண்டு" என்றார்.

கொம்பில் கறுப்பு பூட்ஸ் பாலிஷ் மின்னியது. நகத்தால் சுரண்டினேன். மாட்டுப் பொங்கலன்று நான் பூசிய நீல எனாமல் தெரிந்தது.

"காட்டுல யார் சார் இதுக்குப் பெயின்ட் அடிச்சது?"

"பாரஸ்ட்காரங்களா இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது.

எதிர்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "சார், வெளிய போய்ப் பேசலாமே."

"இங்கயே பேசலாம் சார். இது எங்க வீட்டுக் கிடா."

சிரிப்பு நின்றது. விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் தலையைப் பலகையோடு கழற்றி எடுத்துவந்து புதைத்தேன்.

அதுவரை என்னை நான் சாதுவான ஆள் என்றே நினைத்திருந்தேன். அவர் வீடு மாறும்வரை, திறந்த வாசல் வழியே தெரிந்த அந்தக் கூடத்துச் சுவரில் மிஞ்சிய வெறும் ஆணியை எங்கள் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தேன். ஒருநாளும் சலிக்கவில்லை.