மறக்கச் சொன்ன ஒரு வசனம்

அந்தத் துப்பறியும் பொலிஸ்காரர் வேண்டுமென்றேதான் சொன்னவர். வாய் தவறி வந்தது என்று யாரும் எனக்குக் கதை விட வேண்டாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருந்ததால் என்னையும் ஜூரியில் போட்டார்கள். ரேடியோக் கடை ஒன்றை உடைத்ததாக ஒரு பெயின்டர் மீது வழக்கு. அவனைக் கண்டதாகச் சொன்னது ஒரே ஒரு ஆள். அதுவும் மழைக்குள், தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று. பொலிஸ்காரரிடம் வக்கீல் கேட்டது அவனை எங்கே பிடித்தீர்கள் என்று மட்டும்தான். அவரோ, போன முறை இவன் ஜெயிலால் வந்த நாளிலிருந்தே எனக்கு இவனைத் தெரியும் என்றார்.

பழைய குற்றத்தை ஜூரியின் காதில் போடக் கூடாது என்பது சட்டம். நீதிபதி எங்கள் பக்கம் திரும்பினார். அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஒரு வசனம். அவ்வளவுதான், அடுத்த சாட்சியைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜூரி அறையில் அந்த ஜெயில் கதையைத் தவிர வேறு கதை இல்லை. பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. பதினொரு பேர் குற்றவாளி என்றார்கள். நான் மட்டும் மாட்டேன் என்றேன். எங்கள் ஜூரித் தலைவருக்கு என் அப்பாவின் வயது. தன் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"ஒருக்கா உள்ளே போனவன்தானே. நீ ஏன் அவனுக்காக மினக்கெடுகிறாய்?"

"யெஸ், சேர்" என்றேன்.

"இவருக்கு என்ன சேர்? இறைச்சிக் கடைக்காரன்" என்றான் பக்கத்தில் இருந்தவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயதில் மூத்தவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தால் ஒரு மனுசனை ஜெயிலுக்கு அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்துப் பேப்பரின் மூலையில் அப்பீல் செய்தி வந்தது. அந்தச் சொல் விழுந்தவுடனேயே ஜூரியைக் கலைத்திருக்க வேண்டும், மறக்கச் சொன்னது போதாது என்று மூன்று நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். அவன் வெளியே வந்துவிட்டான். வழக்கைத் திரும்ப நடத்தவும் இல்லை.

மனைவி வாசித்துவிட்டு, "இனியாவது வாயைத் திறவுங்கோ" என்றாள். திறந்தேன். சங்கக் கூட்டத்திலும் வேலையிலும் இப்போது என்னோடு வயதைக் காட்டி வெல்ல ஏலாது. நல்லாய்ச் சாப்பிடுகிறேன், நல்லாய் நித்திரை வருகிறது. என் பிழையை இங்கே எழுதிவிட்டேன்.

நீதிபதி ஐயா, உங்களுடையதை நீங்கள் சொல்லுங்கள். எங்களை அன்றைக்கே ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். எல்லாரும் வாசிக்கப் பேப்பரில் எழுதுங்கள்.