ஊசி போட்டதும் வந்த இருமல்

என் தம்பி சேஷு ஹவுரா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. கல்கத்தாவில், பவானிபூரில் எங்களோடுதான் இருக்கிறான். போன மழைக்காலத்தில் அவனுக்கு வந்த ஜுரம் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவுக்கு அடங்கவில்லை. வயிறு வீங்கி, மேனி கறுத்துப்போயிற்று. வைத்தியக் கல்லூரியில் பரிசோதித்துக் காலா அஸார் என்னும் கருங்காய்ச்சல் என்றார்கள். அது வந்தவர்கள் பிழைப்பதே அரிது. அங்கே ஆராய்ச்சி செய்யும் வங்காளி டாக்டர் ஒருவர், நரம்பில் புது மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார்.

ஊசி போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். மருந்து பாதி இறங்குவதற்குள் சேஷு மூச்சு முட்ட இருமத் தொடங்கினான். கண்கள் பிதுங்கிவிட்டன. "ஐயோ, என் தம்பியைக் கொல்றேளே!" என்று டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"அக்கா, விடு! எரியறது!" என்று சேஷு அலறினான். ஊசி விலகி, மருந்து சதைக்குள் இறங்கியிருந்தது. இருமல் சற்று நேரத்தில் தானாக நின்றது. அந்த மருந்தின் குணமே அப்படியாம். டாக்டர் கோபிக்கவில்லை. முன்கூட்டியே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார்.

கை வீங்கிப் புண்ணாயிற்று. மற்றக் கையில் ஊசி தொடர்கிறது. இப்போது ஜுரம் இல்லை; ஆனால் புண்ணான கையின் முழங்கையை அவனால் முழுதும் நீட்ட முடியவில்லை.

ஊசிக்கு அவனோடு போகும் நாட்களில், வராந்தாவில் காத்திருக்கும் புதியவர்களிடம் என் அரைகுறை வங்காள மொழியில் பேசுகிறேன். "இருமல் வரும், பயப்படாதீர்கள், டாக்டர் கையைத் தொடாதீர்கள்" என்கிறேன். சிலர் என்னைப் பைத்தியக்காரியைப் போலப் பார்க்கிறார்கள். பிறகு உள்ளே இருமல் கேட்கிறது. யாரும் பாய்ந்து ஓடுவதில்லை.