கழுவ லேசான எந்திரம்

சமையல் சாமான் விற்கிறவனிடம் இது நன்றாக அரைக்குமா, வேகவைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கழுவுவது லேசா என்றுதான் கேட்பார்கள். போடிநாயக்கனூர்க் கடைவீதியில் இரும்பு, பித்தளைக் கடை ஒன்றில் பதினோரு வருஷம் நின்றவன் சொல்கிறேன். கடை வாசலில் நின்று கால் கடுத்துப்போன சகாக்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக, கையால் சுற்றி அரைக்கும் எந்திரம் எங்கள் கடைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வைக்கோலுக்குள் ஐந்து

அந்த எந்திரத்தை மதுரையில் முதலில் பார்த்தவன் நான்தான். வார்ப்பிரும்பில் செய்து ஈயம் பூசியது. மேலே வாய், உள்ளே ஒரு திருகு, பின்னால் கைப்பிடி. வாயில் போட்டுச் சுற்றினால் முன்பக்கத்து ஓட்டைத் தகடு வழியாக விழுது வரும். ஊர் திரும்பி இரண்டு நாள் முதலாளியிடம் இதே பேச்சாக இருந்தேன். இனி போடியில் அம்மியைத் தேட வேண்டியதுதான் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

ஐந்து எந்திரங்கள் மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பிரித்ததுமே ஒரு கோளாறு தெரிந்தது. எந்திரத்தை மேசை விளிம்பில் வைத்துத் திருகி இறுக்க வேண்டும். எங்கள் ஊரில் மேசை உள்ள வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதலாளி கத்தவில்லை. மலையில் ஏலக்காய் எடுப்பு முடியும்வரை எனக்குத் தவணை கொடுத்தார். என் வீட்டில் நாலு வயிறு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்:

"அதுக்குள்ள அஞ்சும் போயிறணும்ப்பா. போகலைன்னா நீ போயிரு."

சட்னி வந்தது, சரி

சந்தை நாளில் கடைப் பலகையில் ஓர் எந்திரத்தை மாட்டி, தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டுச் சுற்றினேன். கூட்டம் கூடிவிட்டது. சட்னி புழு புழுவாக வெளியே வந்ததும் எல்லோருக்கும் வாய் திறந்தது. ஆளுக்குக் கொஞ்சம் நக்கிப் பார்த்தார்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது ஒரு பெரியம்மா முன்னால் வந்து, இதை எப்படிக் கழுவுவது என்று கேட்டாள். கைப்பிடி, தகட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம், தகடு, திருகு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வளையம் இறுகிக்கொண்டு வர மறுத்தது. கழற்றி முடிப்பதற்குள் கூட்டத்தில் பாதி கருவாட்டுக் கடைப் பக்கம் போய்விட்டது. பெரியம்மா மட்டும் பொறுமையாக நின்று, நான் கழுவி முடித்த எந்திரக் குழாய்க்குள் விரலை விட்டாள். விரல் நுனி தேங்காயோடு வந்தது. அதை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"அம்மியில ஒரு செம்புத் தண்ணிய விட்டு வழிச்சா, அந்தத் தண்ணியும் கொழம்புக்கு ஆகும் அப்பு. இதுல வழிக்கிறதுக்கே ஒரு ஆளு வைக்கணும் போல."

மலை பங்களா சமையல்காரர்

முதல் எந்திரத்தை வாங்கியவர் அந்தோணி. போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர். அங்கே மேசைக்குப் பஞ்சமில்லை. அந்த வீட்டுத் துரைசாணி காலையில் வாழைப்பழத்தையும் பாலையும் கூழாக்கிக் குடிக்கிறவளாம். பழத்தை மசித்து மசித்து அலுத்துவிட்டது என்று சொல்லி, எந்திரத்தைச் சுமையாளின் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று நான் வீட்டுக்குப் பூ வாங்கிப் போனேன்.

ஒரு வாரத்தில் அதே சுமையாளோடு இறங்கி வந்தார். இரண்டு நாள் முன்பு அதில் ஆட்டுக்கறி கொத்தியிருக்கிறார். வெந்நீர் ஊற்றி, சாம்பல் போட்டு, தென்னங்குச்சியால் குடைந்து கழுவியதாகச் சத்தியம் செய்தார். கழுவியிருப்பார், சோம்பேறி இல்லை. மறுநாள் பழத்தைப் போட்டுச் சுற்றி, பாலில் கலக்கி, கண்ணாடித் தம்ளரில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இதற்கு மாற்றாக வேறு ஏதாவது கொடு என்றார். ஒரு பித்தளைச் சல்லடையைக் கொடுத்து அனுப்பினேன்.

"ஒரு மடக்குக் குடிச்சிட்டு, ஆடு இதுக்குள்ள குளிச்சதான்னு சாயந்தரம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு துரைசாணி."

ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாள்

ஏலக்காய் எடுப்பு முடியப் பத்து நாள்கூட இல்லை. ஐந்தும் கடையிலேயே இருந்தன. அப்போதுதான் பேச்சியம்மாள் வந்தாள். அவள் புருஷன் மாயாண்டி, மெட்டுச் சரிவில் ஏலக்காய் மூட்டையோடு வழுக்கி விழுந்து தாடையை உடைத்துக்கொண்டவன். வைத்தியர் வாயை மூடித் துணியால் கட்டி, நாற்பது நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முன்பல் இரண்டு போன சந்து வழியாக, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் ஊற்றுவதுதான் அவனுக்குச் சாப்பாடு. சோறோ, பருப்போ, பழமோ, பால் மாதிரி அரைத்தால்தான் உள்ளே இறங்கும். இறங்காவிட்டால் ஆள் தேறமாட்டான்.

விடிந்தால் அவள் களையெடுக்கப் போக வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அம்மியில் இழைத்து இழைத்து உள்ளங்கை கொப்பளித்திருந்தது. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பேசினாள். கழுவுவது லேசா என்று அவளும் கேட்டாள். பெரியம்மாவின் விரலும் அந்தோணியின் ஆடும் எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் பத்து நாளும் நினைவில் இருந்தது. லேசுதான் தாயி, இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்றேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

"அப்பச் சரிண்ணே. சோலிக்கு வெரசாப் போகணும், அதான் கேட்டேன்."

கட்டில் சட்டம்

ஆறு நாள் கழித்து, மண்வெட்டி வாங்க வந்த ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாக, மாயாண்டிக்கு மூன்று நாளாக வாந்தியும் பேதியும் என்றார். வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு நடந்தே போனேன்.

மேசை இல்லாததால் எந்திரத்தை அவன் படுத்திருந்த கட்டில் சட்டத்திலேயே மாட்டியிருந்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். கட்டிய வாயோடு ஒருவன் வாந்தி எடுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. வேளாவேளைக்கு இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதாக அவள் சொன்னாள். வளையத்தைக் கல்லால் தட்டிக் கழற்றினேன். தகட்டுக்குப் பின்னால் பழைய விழுது மஞ்சளாக ஒட்டிக் கிடந்தது. புளித்த நாற்றம் குப்பென்று வந்தது. தண்ணீர் அந்த இடத்தைத் தொட்டே இருக்காது. கழுவுவது லேசில்லை என்று எனக்கு முன்பே தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை.

"தெரிஞ்சுக்கிட்டுதான் சொன்னீகளாண்ணே?"

ஒரே துண்டு

நேரே அடுப்படிக்குள் போனேன். சுவரோரம் கீரைச் சட்டியும் மத்தும் இருந்தன. அரிசியையும் பாசிப்பருப்பையும் குழையக் குழைய வேகவைக்கச் சொன்னேன். சட்டியில் போட்டு நானே மத்தால் கடைந்தேன். மெல்லிய துணியில் வடிகட்டியதும் பாலாடையில் தடையில்லாமல் ஓடியது. மத்து ஒரே மரத் துண்டு. ஒளிந்துகொள்ள அதில் இண்டு இடுக்கு இல்லை. சட்டியில் வெந்நீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் சுத்தமாகிவிட்டது. பேச்சியம்மாள் அந்தத் தண்ணீரையும் கொட்டாமல், சூடு ஆற்றி அவனுக்கே புகட்டினாள்.

எந்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, முதலாளியிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அன்றைக்கே என்னைப் பின்கட்டில் பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்க அனுப்பிவிட்டார். அனுப்பும் முன் அவர் கேட்டது இவ்வளவுதான்:

"மத்துதான் நல்லதுன்னு சொல்லிட்டு வந்திருக்கியே, நம்ம கடையில மத்து விக்கிறமாடா?"

அவிழ்த்த வாய்

என் வேலை தப்பியதற்குக் காரணம் அந்தோணிதான். கறி கொத்த மட்டும் என்று சொல்லி, பங்களா பங்களாவாக ஐந்து எந்திரத்தையும் தவணைக்குள் மலைமேல் தள்ளிவிட்டார். அதன் பிறகு ஒருநாள் மாயாண்டி கம்பு ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தான். தாடை சற்றுக் கோணியிருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. என்னைத் தேடிப் பின்கட்டுக்கே வந்துவிட்டான். அடிப்பான் என்று நினைத்துப் புளிக் கையோடு எழுந்து நின்றேன்.

அவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். கஞ்சி கெட்டிருந்ததை எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று விசாரித்தான். சொன்னேன். அவன் சிரிக்கப் பார்த்தான். தாடை இடம் கொடுக்கவில்லை.

"எனக்கு ரெண்டாம் நாளே புளிப்புத் தெரிஞ்சுபோச்சுண்ணே. கையால தட்டிவிட்டிருக்கலாம். அவ உள்ளங்கை ஆறிக்கிட்டு வந்துச்சு, அதான் குடிச்சேன்."

முதலாளி என்னை மறுபடி வாசலில் நிற்க விட்டபின், கழுவுவது லேசா என்று யார் கேட்டாலும் ஒருதரம் கழுவிப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்கிறேன். பாதிப் பேர் மறுநாள் வருவதில்லை, எனக்கும் அதில் வருத்தமில்லை.