உப்புப் பார்க்காத ஸ்ரீகண்டன்

திருத்தணியில் ஸ்ரீகண்டனைச் சிறந்த சமையல்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். அவருடைய சாம்பார் ஒருநாள் நன்றாக இருக்கும், மறுநாள் சுமார். பேச்சில் சுருக்கென்று கோபம் வரும். மனைவி சீதாலட்சுமி எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். அறுபதை நெருங்கும் வயதில் அவரைப் பற்றிச் சொல்லும்படியாக இருந்தது ஒரே விஷயம்தான். அடுப்பில் இருக்கும் எதையும் அவர் ருசி பார்த்ததில்லை.

அது அவராகப் பிடித்த விரதம் அல்ல. மலைக்கோயிலுக்குத் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. சுவாமிக்குக் காட்டாததை நாக்கில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். உப்புக்குக் கைதான் அளவு. கை தவறினால், குறைந்த உப்போடுதான் சுவாமி சாப்பிட வேண்டும். மற்ற மாதங்களில் வீட்டுச் சமையலில் இதைச் சிலர் தளர்த்திக்கொள்வார்கள். ஆடி பிறந்தபின் தளர்வு கிடையாது. ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக்காரர்களுக்காக அடிவாரத்துக் குடும்ப மடத்தில் பொங்கல் வைப்பார்கள். அந்த முதல் பானையை ஏற்றும் முறை பங்காளிகளுக்குள் சுற்றிவரும். முறைக்காரர் அந்த மாதம் எங்கே, யாருக்குச் சமைத்தாலும் காட்டிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். இந்த ஆண்டு முறை ஸ்ரீகண்டனுடையது. மறுபடி அது சுற்றி வரும்போது அவரால் பானையைத் தூக்க முடியுமா என்பது சந்தேகம்.

அந்த ஆடியில்தான் அக்கா மகன் சாய்கிருஷ்ணன் சென்னையிலிருந்து வந்து கூப்பிட்டான். அவனும் நண்பர்களும் ஜீப் வைத்திருக்கிறார்கள். ரோடு இல்லாத இடமாகத் தேடிப் போவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

"மாமா, நாலு நாள். கடப்பைப் பக்கத்து மலைக்குள்ள போறோம். டென்ட் போட்டுத் தங்கல். சமைக்கத்தான் ஆளில்ல. நீங்க வாங்களேன்."

சீதாலட்சுமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "முறையை வெச்சுண்டு எங்க கிளம்பறேள்? முதல் பானை ஏத்தப்போற மனுஷர் ஜீப்ல தொங்கிண்டு போவாரா?"

"அடுப்பு எங்க இருந்தா என்ன? படத்தை எடுத்துண்டு போறேன். காட்டிட்டுச் சாப்பிடறேன்."

அவர் போக ஒப்புக்கொண்டதன் காரணம் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் என்னிடம் சொன்னார். பிறந்ததிலிருந்து ஏறி இறங்கியதெல்லாம் ஒரே மலை. யாரும் படி கட்டாத மலை எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்க ஆசை. அந்த ஆசையில் எனக்குத் தவறு தெரியவில்லை. யாரை நம்பிப் போனார் என்பதில்தான் தெரிகிறது.

நகரி, புத்தூர் தாண்டி நான்கு ஜீப்புகள் போயின. தார் முடிந்தது. பிறகு மாட்டுத்தடமும் முடிந்தது. பாறைமேல் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்ரீகண்டன் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்றார். ஆனாலும் அவருக்குப் பிடித்திருந்தது. சிவப்புப் பாறை அடுக்கடுக்காக நிற்பதையும், மேகம் காலடிக்குக் கீழே போவதையும் பிற்பாடு என்னிடம் இருமுறை சொன்னார்.

முதல் சாயங்காலமே வம்பு வந்தது. அவர்கள் கொண்டுவந்திருந்தது பாக்கெட் சாம்பார் பொடி. அதில் உப்பு கலந்திருந்தது. வீட்டில் இடித்த பொடியையே கண்டவர், வழக்கம்போல் கையால் அள்ளிப் போட்டார். கூடாரத்துக்கு வெளியே ஜீப்பின் பின்பக்கம், ஸ்டெப்னி டயரின் நடு ஆணியில் முருகன் படத்தை மாட்டி, இலையில் கொஞ்சம் வைத்துக் காட்டினார். மற்றவர்கள் அதற்குள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

கூட்டத்துக்குத் தலைவன் சூர்யபிரகாஷ். முதல் வாயிலேயே தட்டைத் தள்ளினான். "அங்கிள், மெரினாவுல இருந்து மோந்துட்டு வந்தீங்களா?"

"பொடியில இருக்கும்னு தெரியலை" என்று ஸ்ரீகண்டன் சொன்னார். அது அவருடைய தவறுதான். பாக்கெட்டைப் படித்திருக்க வேண்டும்.

"டேஸ்ட் பண்ணிப் பாக்க மாட்டீங்களா?"

இதற்குச் சாய்கிருஷ்ணன் பதில் சொல்லியிருக்கலாம். அவனும் அந்த வீட்டில் பிறந்தவளின் பிள்ளை. ஆடியில் இந்த மாமாவின் முறை என்றால் என்ன என்று தெரிந்தவன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்க ஃபேமிலில கடவுள்தான் க்வாலிட்டி செக், மச்சி."

அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு 'ஸ்டெப்னி சாமி' என்று பெயர். ஜீப் பள்ளத்தில் இறங்கினால், "ஸ்டெப்னி சாமி, காப்பாத்து!" மறுநாள் முதல் ஸ்ரீகண்டன் படத்துக்குக் காட்டிவிட்டு, தான் ஒரு கவளம் உண்டு, உப்பைச் சரிசெய்த பிறகே பரிமாறினார். உணவும் சுமாராக அமைந்தது. ஆனால் அவர்களுக்குச் சாப்பாடு பிரச்சினையே அல்ல. எதிரில் ஒரு மனிதன் ஒன்றை மாட்டேன் என்கிறான். அதை உடைத்துப் பார்க்க வேண்டும். பாறையைக் கண்டால் ஏறுகிறார்கள். ஓடையைக் கண்டால் அதற்குள் இப்படியும் அப்படியும் ஓட்டிச் சேறாக்கிப் படம் எடுக்கிறார்கள். கீழே யாரோ அந்த நீரைத்தான் மொள்ளுவார்கள் என்பது நினைவில் வருவதில்லை. மாமாவையும் அப்படி ஒரு தடையாகத்தான் பார்த்தார்கள். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். தன்னால் முடிகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாமல் செய்யும் காரியத்துக்கு அந்தப் பெயரைத் தர நான் தயாராக இல்லை.

மூன்றாம் நாள் மதியம் ஓடைக்கரையில் ரசம் கொதித்தது. ஸ்ரீகண்டன் இரண்டு கையிலும் துணியைப் பிடித்துப் பானையைக் கல்லடுப்பிலிருந்து தூக்கினார். சூர்யபிரகாஷ் ஒரு கரண்டி ரசத்தை மொண்டான்.

"அங்கிள், இன்னிக்கு சாமிக்கு முன்னாடி நீங்க."

"விளையாடாதீங்கோ. பானை சுடறது, தள்ளுங்கோ."

"சாய், அங்கிளப் புடிடா!"

சாய்கிருஷ்ணன் பக்கவாட்டில் வந்து அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டான். இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார் ஸ்ரீகண்டன். திறந்த வாய்க்குள் கரண்டி போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

பானையை அவர் அங்கேயே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் ஒட்டி நின்ற மருமகனின் கால் வெந்திருக்கும். அதனால் குனிந்து, பானையை மெல்ல மணலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் துப்பினார். அதற்குள் பாதி உள்ளே போயிருந்தது.

ஸ்டெப்னியிலிருந்து படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்த தடத்திலேயே நடந்தார். "மாமா, சும்மா ஜோக்குக்கு! எங்க போறீங்க?" என்று சாய்கிருஷ்ணன் கத்தினான். பின்னால் ஓடி வரவில்லை. மலையடியில் விறகு ஏற்றிய டிராக்டர்காரர் ஒருவர், "எக்கு நைனா, எக்கு" என்று தெலுங்கில் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். அங்கிருந்து பஸ் மாறி மாறித் திருத்தணி.

பஸ் நிலையத்தில் பார்த்த ஆட்டோக்காரர் தேசப்பன் பதறிவிட்டார். "இன்னா சாமி, காலெல்லாம் இப்டி கீது? ஜீப்புல போறேன்னு சொல்லிட்டு நடந்துகினு வர்றியே?"

"மலை பாத்தாச்சு, தேசப்பா. வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போய்க் குளித்தார். மறுநாள் காலை பங்காளிகளில் மூத்தவரான தணிகாசலத்திடம் போனார். நானும் கூடப் போனேன். நடந்ததைச் சொன்னார். தணிகாசலம் நியாயமான மனிதர்.

"வலுக்கட்டாயமாத் திணிச்சா அது உன் தப்பாடா? தலைக்குக் குளிச்சியா? போறும். வந்து பானையை ஏத்து."

"திணிச்சது என் தப்பில்லை அண்ணா."

"பின்னே?"

"வாயில விழுந்த உடனே உப்பு கம்மின்னு தோணிடுத்து. வாயைக் கழுவிட்டேன். தோணினதை எப்படிக் கழுவறது?"

"பிடிவாதக்காரன்டா நீ" என்று மட்டும் சொன்னார் தணிகாசலம்.

இந்த நியமத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுவாமிக்கு முன்னால் மனிதன் ருசி பார்த்தால் சுவாமிக்கு என்ன குறை என்று அவரோடே வாதாடியிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் தன் நாக்கை ஒரு வாசலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருக்கிறான். அவனிடம் இருப்பதே அதுதான். ஒரு மத்தியானச் சிரிப்புக்காக அதைப் பறித்துக்கொள்ள யாருக்கு உரிமை? அந்த வீடியோவை வெளியிட்டும் விட்டார்கள். பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இன்னும் ஒன்று. சாய்கிருஷ்ணனின் அம்மா தம்பிக்குப் போன் போட்டு, "பிள்ளையை சிநேகிதாளுக்கு முன்னாடி அவமானப்படுத்திட்டு வந்துட்டியாமே" என்று கேட்டார். அவமானம் பிள்ளைக்காம்.

கிருத்திகையன்று முதல் பானையை அடுத்த முறைக்காரர் ஏற்றினார். ஸ்ரீகண்டன் அடுப்புப் பக்கம் போகவில்லை. படைத்து வந்த பொங்கலை வாசலில் நின்று தொன்னையில் கொடுத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் துணியும் மயில்தோகையும் அரோகராவுமாகத் தெரு நிரம்பி நகர்ந்தது. அந்த நெரிசலில் காவடியைப் படம் பிடிக்க வந்த சூர்யபிரகாஷும் சாய்கிருஷ்ணனும் வரிசையில் வந்து நின்றார்கள்.

ஸ்ரீகண்டன் இருவருக்கும் கொடுத்தார். சூர்யபிரகாஷ் அங்கேயே வாயில் போட்டான்.

"செம்ம டேஸ்ட் அங்கிள்! நீங்க வச்சதா?"

"இல்லை. வைக்க வேண்டியது நான்தான். வைக்கலை."

"ஏன்?"

"நீ கரண்டியை வாயில வெச்சியே, அதனால."

சூர்யபிரகாஷ் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "அதுக்காகவா? நெஜமாவா அங்கிள்? எனக்குத் தெரியாதே" என்று சாய்கிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தான். சாய்கிருஷ்ணன் தொன்னையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியாது. நீ சாப்பிடுப்பா" என்று அவனிடம் சொன்னார் ஸ்ரீகண்டன். பிறகு கையை நீட்டி, மருமகன் கையிலிருந்த தொன்னையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "உனக்குத் தெரியும்."

வரிசை முழுவதும் பார்த்தது. பிரசாதத்தைக் கொடுத்துவிட்டுப் பிடுங்குவதை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை. உள்ளேயிருந்து தணிகாசலம், "ஸ்ரீகண்டா!" என்று அதட்டினார். வழக்கப்படி அது தவறு; பெரிய தவறு. ஸ்ரீகண்டனுக்கும் அது தெரியும்.

அவர் திரும்பவில்லை. அடுத்து நின்ற காவடிக்காரரின் இரண்டு கையும் தோளிலிருந்த காவடியைப் பிடித்திருந்தன. ஸ்ரீகண்டன் அவர் அருகில் போய், "வாயில கொடுக்கலாமா?" என்று கேட்டார். காவடிக்காரர் தலையசைக்கும்வரை காத்திருந்துவிட்டு, ஒரு கவளம் எடுத்து ஊட்டினார்.