கன மீட்டர் சார்

காலை ஏழு மணிக்கு அண்ணி மருத்துவமனையிலிருந்து அழைத்தார். "உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்று மட்டும் சொன்னார். நான் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணன் தனிப்பயிற்சி மையத்தில் வேதியியல் நடத்தியவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தேர்வுக்கு முந்தைய நாள் கடைசி வகுப்பு. அலகு மாற்றத்தை அவசரமாக நடத்தியவர், ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்று எழுதிய கையோடு, ஒரு கன மீட்டருக்கும் நூறு கன சென்டிமீட்டர் என்று பலகையில் எழுதிவிட்டார். யாரும் கேள்வி கேட்கவில்லை. சார் எழுதினால் சரியாகத்தானே இருக்கும்?

மறுநாள் காலை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்புவதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிராம். அவர் எழுதியபடி பார்த்தால், ஒரு கன மீட்டர் கொள்ளும் அந்த இடுப்பளவுத் தொட்டி முழுக்க நூறு கிராம் தண்ணீர்தான். நீளத்தில் நூறு, அகலத்தில் நூறு, உயரத்தில் நூறு. பெருக்கினால் பத்து லட்சம். தொட்டியில் இருந்தது ஒரு டன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். தேர்வுக்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். வினாத்தாளில் அடர்த்திக் கணக்கு ஒன்று இருந்தது.

"ரெண்டு மார்க்தானே அண்ணா? அதுல யாரும் ஃபெயில் ஆகலையே" என்றேன்.

"மார்க் போனா போகட்டும்டி. தப்பு அவங்க மண்டையில உக்காந்திருக்கே. உக்கார வச்சது நான்தானே?"

அந்த வகுப்பில் படித்தவர்களை எங்கே பார்த்தாலும் விடமாட்டார். ஒருவர் பல் மருத்துவர். அவரிடம் அண்ணனை நான்தான் கூட்டிப்போனேன்.

"வாயைத் திறங்க சார்."

"முதல்ல நீ சொல்லுப்பா. ஒரு கன மீட்டருக்கு எத்தனை கன சென்டிமீட்டர்?"

"நூறு. நீங்கதானே சொன்னீங்க?"

மருத்துவர் கேலிக்குத்தான் சொன்னார். அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது.

"பத்து லட்சம்ப்பா. என்னை மன்னிச்சுக்கோ."

"சரி சார். வலிக்கிற பல்லையாவது சரியா காட்டுங்க. மாத்திப் புடுங்கிடப் போறேன்."

இப்படித்தான் அவர் 'கன மீட்டர் சார்' ஆனார். "கல்யாண நாள் மறந்துடும், இது மறக்காது. கனம் மீட்டர்ல இல்ல, இவர் மனசுல" என்பார் அண்ணி. அண்ணனும் சிரிப்பார். சிரித்த வாயோடு, இன்னும் யார் பாக்கி என்று யோசிப்பார்.

கடைசியில் ஒருத்திதான் பாக்கி. அவள் வெளியூரில் வேதியியல் டீச்சராக இருக்கிறாள் என்று போன வாரம் தெரிந்தது. கேட்டதும் மருத்துவமனைப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாளோ!"

"டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"எனக்கும் தெரியும்தான். எழுதலையா?"

நேற்று மாலை அவளுடைய எண் கிடைத்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லச் சொல்ல, அவளுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை நான் கைபேசியில் தட்டினேன். பாதியில் நிறுத்தி, "மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம், தூங்குங்க அண்ணா" என்றேன். அவருக்கு மூச்சு முட்டியதால் நிறுத்தினேன் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் கைபேசி இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செய்தி 'ஒரு கன மீட்டர் என்பது' என்ற இடத்தில் நிற்கிறது.