நறுக்குன சத்தம்

அக்கா காதுமிஷினைக் கழற்றி வைத்ததற்கு நான்தான் காரணம் என்பது, அவள் கணவர் போன் செய்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"மாப்ள, மிஷின மஞ்சப்பொடி டப்பா பக்கத்துல போட்டுட்டா ஒங்கக்கா. கேட்டா, தம்பி சொன்னான்ங்கிறா. நேத்து பால் வாங்கப் போயிருக்கா. பின்னாடி கல்லு லாரி ஆரன் அடிச்சிக்கிட்டே வரான், இவ பாட்டுக்கு நடுரோட்டுல போறா. பால்காரர்தான் கையப் புடிச்சு இழுத்திருக்காரு."

அரியலூரில் அவர்கள் வீட்டு வாசலை ஒட்டித்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலை. லாரி போன பிறகும் ஜன்னல் கம்பி கொஞ்ச நேரம் அதிரும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை மாமா என்றேன். சொல்லியிருந்தேன். பெரம்பலூரில் என் வீட்டுக்கு வருகிற யாரையும் நான் சும்மா விடுவதில்லை. பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கியதிலிருந்து பிடித்த வியாதி அது. ஊசி இசைத்தட்டில் இறங்குவதற்குள் பிரசங்கம் தொடங்கிவிடும். போனில் வரும் பாட்டு டிஜிட்டல். ஒலியைப் பொடிப்பொடியாக நறுக்கி, எண்ணாக்கி வைத்து, கேட்கும்போது ஒட்டித் தருவது. தட்டில் இருப்பது நறுக்காத ஒலி. வயலின் இழுத்த இழுப்பு அப்படியே பள்ளமாகக் கிடக்கிறது, ஊசி அதில் இறங்கி நடக்கிறது. இப்படியெல்லாம். மனைவி "ஆரம்பிச்சாச்சா" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். கடைசிவரை உட்கார்ந்து கேட்பவள் அக்கா மட்டும்தான்.

இரண்டு மாதம் முன்பு அவள் காதில் மிஷினைப் பொருத்திய பெண், "இது டிஜிட்டல்மா, நல்ல மிஷின்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மிஷின் கைப்பைக்குள் இருந்தது.

"ஏங்க்கா மாட்டல?" என்று கத்தினேன்.

"கத்தாதடா, வாயப் பாத்தாத் தெரியுது. அத மாட்டுனா பரண்லேர்ந்து பாத்திரம் மொத்தமும் வுழுவுறாப்ல இருக்கு. நறுக்குன சத்தம்டா. நீதான சொன்ன."

ஒரு தட்டை எடுத்துப் போட்டேன். சின்ன வயதில் மீன்சுருட்டியில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஒலிபெருக்கியில் முதலில் போடுவது அந்தப் பாட்டுதான். ரேடியோவில் அவ்வளவாக வராது. அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

"தபேலா நல்லாக் கேக்குது. பாடுறவதான் வாயில துணிய வச்சுக்கிட்டுப் பாடுறா."

"தட்டுல துணி இல்ல. ஒங் காதுல இருக்கு."

முறைத்தாள். பிறகு மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதலிலிருந்து போட்டேன். ஊசியின் பொரிச்சல் சத்தத்துக்கே அவள் முகம் சுளித்தது. பல்லவி போனது, சரணம் வந்தது. சட்டென்று கையைத் தூக்கினாள்.

"நிறுத்து. நடுவுல ஒரு வரிய நொழச்சிருக்கான். பாத்தியா மிஷின் வேலைய?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தட்டை வாங்கிய அன்று நானும் அந்த இடத்தில் திடுக்கிட்டு, ஏமாந்துவிட்டோம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தேன். எங்கள் ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ரேடியோ செட்காரரிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. அதில் ஒரு கீறல். சரணத்தின் இரண்டாம் வரி முடிந்ததும் ஊசி ஒரு குதி குதித்து நான்காம் வரியில் போய் நிற்கும். சுற்றுவட்டாரம் முழுக்க அந்தப் பாட்டை ஒரு வரி இல்லாமல்தான் படித்தது என்றேன்.

"அப்ப ஊரே தப்பாவா பாடுச்சு?"

"ஊரே."

"பள்ளிக்கூட ஆண்டு விழாவுல நான் மேடை ஏறிப் பாடுனனேடா."

"கை தட்டுனவனும் நம்மூர்க்காரன்தான."

போனிலும் அதைத் தேடிப் போட்டேன். அங்கேயும் அந்த வரி இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். எது நல்லாருக்கு, பொய் சொல்லாமச் சொல்லு என்றாள். தட்டில் தபேலாவுக்கு ஒரு உடம்பு இருந்தது, கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் போல. ஆனால் அந்த மூன்றாம் வரிக்கு முன்னால் பாடுகிறவள் மூச்சு இழுப்பது போனில்தான் கேட்டது. தட்டில் அது பொரிச்சலுக்குள் புதைந்திருந்தது. சொல்லப் பிடிக்கவில்லை. சொன்னேன்.

"அப்ப இத்தன நாளு என்னாத்தடா ஓதுன எனக்கு?"

"பாட்டுன்னா வேணும்னா கழட்டிக்க. ரோட்டுல மாட்டிக்கக்கா. லாரிக்காரன் நறுக்குனா ஒட்டறதுக்கு ஆளு இல்ல."

சாயங்காலம் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். பஸ்களின் ஆரன் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் அவள் தோள் குலுங்கியது. இரண்டு முறை கை காதுவரை போனது. மிஷினைக் கழற்றவில்லை.

பத்து நாள் கழித்து மாமா கூப்பிட்டார்.

"நல்ல வேல பண்ணுன மாப்ள. கொல்லையில நின்னு மொணகுனாக்கூட, என்னாத்த சொன்னீங்கன்னு வந்து நிக்கிறா. வூட்டுல வாய் தெறக்க முடியல."

"ரோட்டுல எப்படி மாமா?"

"லாரி முக்குல திரும்புறப்பவே ஒதுங்கிடுறா. எனக்குக் காது கேக்கலன்னு என்னையும் சேத்து இழுக்குறா."