லேப்டாப் தனலெட்சுமி

"மேசையெல்லாம் கெடையாதுண்ணே. மடியிலயே வச்சுப் பாருங்க" என்று சொல்லி, செராஸிலிருந்து வந்திருந்த கட்டடம் கட்டித் தரும் குத்தகையாளரின் முழங்கால்மேல் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைக்கிறார் தனலெட்சுமி. வைத்தவர் அங்கே நிற்பதில்லை. ஜன்னலோரம் போய் வேறொரு கணினியின் அடிமூடியைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார். குத்தகையாளர் கொஞ்ச நேரம் பெருமையாகத் தட்டிப் பார்க்கிறார். பிறகு காலை மாற்றிப் போடுகிறார். இன்னும் கொஞ்ச நேரம் போனதும் கணினியைத் தூக்கி அடியில் கைவைத்துப் பார்க்கிறார்.

"சுடுதா?" தலையைத் திருப்பாமலே கேட்கிறார் தனலெட்சுமி.

"சுடுதுதான்."

"பிரோஷர்ல அத போட மாட்டாங்க லா. அடுத்தத எடுங்க."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. ஓர் அறை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, சுவர் நீளத்துக்கு மரத் தட்டுகள். கழற்றிய திருகாணிகள் உருளாமல் இருக்க ஐஸ்கட்டி அச்சுத் தட்டுகளில் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு இடத்துத் திருகாணிக்கு. மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு முக்காலி கிடக்கிறது. கையில் தே தாரிக் தேநீரோ கோப்பியோ கட்டிய பொட்டலத்தோடு வருகிறவர்கள் அதை அங்கே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு வங்கி மேலாளர் மறந்துபோய்ப் பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது, "பாஸ், கோப்பி வெளிய, நீங்க உள்ள" என்றார். மேலாளர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தார்.

வியாபாரத்துக்கு மடிக்கணினி வாங்குகிறவர்களுக்கு எது பொருந்தும் என்று தேர்ந்து கொடுப்பது, அதை அவர்கள் வேலைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பது, பழசானால் மெமரியையோ ஹார்ட் டிஸ்க்கையோ கூட்டிக் கொடுப்பது. இவ்வளவுதான் அவர் தொழில். எல்லாவற்றையும் 'ஏத்துறது' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். "மெமரி ஏத்தியாச்சு. டிஸ்க் இப்ப ஏத்த வேணாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வருகிறவர்கள் கணினியின் வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அவர் கேட்பது ஒரே கேள்வி: "எங்க உக்காந்து வேல செய்வீங்க?" கிள்ளானில் லோரி வைத்திருக்கும் ஒருவர், லோரியிலேயே உட்கார்ந்து பில் போடுவேன் என்றார். தனலெட்சுமி கீழே இறங்கிப் போய் அந்த லோரியில் ஏறி, ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து மூடியைத் திறந்து பார்த்தார். மூடி முன்பலகையில் இடித்தது. அதைவிடச் சிறிய ஒன்றைத் தேடிக் கொடுத்தார். வீட்டு மனை விற்கும் ஒருவரை நடுப்பகலில் கடைமுன் அஞ்சடி நடைபாதையைத் தாண்டித் தெருவுக்கு இழுத்துப் போய், வெயிலில் திரையைக் காட்டி, தான் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டார். "இங்கேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலண்ணே. வீடு வாங்க வர்றவரு ஒங்க மடியிலயா உக்காருவாரு? பக்கத்துலதான உக்காருவாரு?"

சாலாக் செலாத்தானில் வளர்ந்தவர். அப்பா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தார். தனலெட்சுமி படிப்பை முடித்ததும் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். அந்த அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தபோது, பழுதாக்கிவிடுவோமோ என்று பயந்து யாரும் அதன் பக்கம் போகவில்லை. அவருக்கும் பயம்தான். "ஆனா கைய கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குச் சுத்திச் சுத்தி வர்றது? ஒக்காந்துட்டேன்." பிறகு ஒரு கணினி விற்பனை நிறுவனத்தில் சில வருடங்கள். வேண்டாதவருக்கு வேண்டாததை விற்கச் சொன்னார்கள் என்பதால் விலகினார். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "மெஷினப் பத்தி கேளுங்க" என்பார்.

குறை இல்லாதவர் அல்ல. தொலைபேசியில் கடுகடுப்பாகப் பேசுவார். மாற்றுக் கருத்துச் சொன்னால் முகம் சுண்டிவிடும். நானே அவரிடம் வாடிக்கையாளனாகப் போனவன்தான். கட்டுரை எழுத ஒரு புதுக் கணினி வேண்டும் என்றேன். என் பழைய கணினியைத் திறந்து பார்த்து, தூசியை ஊதி, மெமரி ஏற்றி, "எழுதறதுக்கு இது போதும். எழுதலன்னா கொற மெஷின்ல இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு அவரை வேடிக்கை பார்ப்பதற்காகவே அடிக்கடி அந்த மாடியேறினேன். யோகநாதன் வந்த அன்றும் அங்கே இருந்தேன்.

யோகநாதன் சுபாங் ஜெயாவில் இருப்பவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். காப்புறுதி இழப்பு மதிப்பீட்டாளர்: எங்காவது தொழிற்சாலை எரிந்தாலோ கிடங்கில் வெள்ளம் புகுந்தாலோ நேரில் போய்ப் பார்த்து, எப்படி நடந்தது, என்னென்ன அழிந்தது என்று அறிக்கை எழுதுகிறவர். பல வருட அனுபவம். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கால் தேறிவிட்டது, பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. நிறுவனத்தில் அவரை அலுவலகத்துக்குள் உட்காரவைத்து, மற்றவர்கள் எழுதும் அறிக்கையைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். சரி, மற்றவர்களைப் போலச் சம்பவ இடத்திலிருந்தே அன்றைக்கே அறிக்கை அனுப்ப முடியும் என்றால் போய்வாருங்கள், ஒரு முறை பார்ப்போம் என்றார்கள்.

கூட வந்த மனைவி பூரணம்தான் இதையெல்லாம் சொன்னார். தனலெட்சுமி கேட்ட கேள்விகளுக்கும் அவரே பதில் சொன்னார். யோகநாதன் வாயைத் திறந்து ஒரு சொல்லைத் தேடுவதற்குள் பூரணம் வாக்கியத்தை முடித்துவிடுவார். யோகநாதனின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"அக்கா" என்றார் தனலெட்சுமி, வழக்கமில்லாத மென்மையோடு. "கீழ நல்ல தே போடுவாங்க. ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வாங்களேன்."

பூரணம் கணவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பூரணம் இறங்கிப் போனதும் தனலெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் ஏதாவது ஒன்றைத் திருகிக்கொண்டே பேசுகிறவரின் கைகள் அன்று சும்மா இருந்தன.

"சொல்லுங்கண்ணே."

"நான்..." என்று ஆரம்பித்த யோகநாதன் நிறுத்தினார். சொல் வரவில்லை. தனலெட்சுமி உதவிக்கு வரவில்லை, வேறுபக்கம் பார்க்கவும் இல்லை.

"நான் சம்பவ இடத்துக்குப் போக வேணும், தங்கச்சி" என்றார் கடைசியில். "மற்றவன் எழுதினதைத் திருத்துற வேலை எனக்கு வேண்டாம். எரிஞ்ச இடத்தை நான் பார்க்க வேணும். அதோட, நோயாளிக்கு எண்டு செய்த மெஷின் எதுவும் எனக்குக் காட்டாதேங்கோ."

"அப்படி ஒரு மெஷின் எங்கிட்ட இல்லண்ணே. எல்லாருக்கும் உள்ளதுதான். ஒங்களுக்கு எது சொன்னபடி கேக்கும்னு பாக்கணும், அவ்வளவுதான்."

அடுத்த சில நாட்கள் தனலெட்சுமி செய்த காரியத்தை நான் நேரில் பார்க்காமல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வலது கையைச் சேலை முந்தானைக்குள் முடிந்துகொண்டு, கடையிலிருந்த கணினிகளை ஒவ்வொன்றாக இடது கையால் மட்டும் இயக்கிப் பார்த்தார். முதல் கணினியைத் திறக்கவே முடியவில்லை. மூடியின் இரண்டு பக்கமும் பூட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். "ரெண்டு கை உள்ளவன் கண்டுபிடிச்சது" என்று ஒதுக்கி வைத்தார். எல்லாரும் ஆசைப்படும் மெல்லிய கணினியோ, மூடியைத் தூக்கினால் உடம்பும் சேர்ந்து எழுந்து வந்தது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அதுவும் போயிற்று. கடைசியில் தேறியது, கனமாக இருக்கிறதென்று பலர் தள்ளிவிட்டுப் போன ஒரு கறுப்புக் கணினி. பூட்டு நடுவில் ஒன்றுதான். அடிப்பாகம் கனம் என்பதால் அசையாமல் இருந்தது. திரையில் அம்புக்குறியை நகர்த்தும் உருண்டை நட்டநடுவில், எந்தக் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்தது.

பிறகு அமைப்பு வேலை தொடங்கியது. இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும் என்று மாற்றினார். அந்த வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். எழுதியது சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே பதிவாகும்படி செய்தார். மெமரி ஏற்றினார். "ஒரு கையில அடிக்கிறவர மெஷினும் காக்க வைக்கக் கூடாதுலா." யோகநாதனின் பழைய அறிக்கைகளை வாங்கிப் படித்து, அவர் திரும்பத் திரும்ப எழுதும் வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டெழுத்து அடித்தால் முழு வாக்கியமும் வந்து விழும்படி அமைத்தார்.

இதில்தான் இருவருக்கும் மோதல் வந்தது. "என்ர வாக்கியத்தை மெஷின் எழுதுறதோ?" என்று யோகநாதன் கோபித்துக்கொண்டார். வழக்கமாக இப்படி ஒரு பேச்சுக்கு முகம் சுண்டும் தனலெட்சுமி, பொறுமையாகத் திரையைக் காட்டினார். "எல்லாம் நீங்க எழுதுனதுதாண்ணே. ஒரு எழுத்துகூட நான் மாத்தல. பிடிக்கலன்னா அழிச்சிடுறேன்." யோகநாதன் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வாக்கியங்களை மட்டும் திருத்தச் சொன்னார். மற்றவை இருக்கட்டும் என்றார்.

போன வருடம், ஊரெல்லாம் புகைமூட்டம் கவிந்திருந்த நாட்களில், கிள்ளானில் ஒரு மரத்தளவாடத் தொழிற்சாலை எரிந்தது. யோகநாதனை அனுப்பினார்கள். தனலெட்சுமி கடையை அடைத்துவிட்டுத் தன் பழைய காரில் அவரை ஏற்றிக்கொண்டார். பின் இருக்கையில் நான். வழியெல்லாம் தனலெட்சுமி பேட்டரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பயந்தால் அவருக்குப் பேச்சு நிற்காது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

யோகநாதன் கருகிப்போன கூடத்தை மெதுவாகச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் குனிந்து தரையை வெகுநேரம் பார்த்தார். சுவரில் கரி ஏறியிருந்த விதத்தைப் பார்த்தார். தொழிற்சாலை மேலாளர் மின்கசிவு என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். யோகநாதன் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து, கட்டைவிரலால் பூட்டைத் தள்ளித் திறந்தார். எழுதத் தொடங்கினார். விரல்கள் வேகமாக ஓடவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை.

பாதி அறிக்கையில் திரை உறைந்துவிட்டது. எந்த விசைக்கும் அசையவில்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனலெட்சுமி ஓரடி முன்னால் போனார். யோகநாதன் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் உயர்த்தி, நில்லுங்கள் என்பதுபோல் காட்டினார். அந்த ஓரடியிலேயே தனலெட்சுமி நின்றுவிட்டார். முந்தானை நுனி அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

யோகநாதன் ஒரு விசையை அழுத்தினார். அடுத்ததை அழுத்தினார். மூன்றாவதையும் அழுத்தினார். திரை விழித்தது. உறைந்துபோன நிரலை மூடிவிட்டு மறுபடி திறந்தார். கடைசி இரண்டு மூன்று வரிகள்தான் போயிருந்தன. "அது மோசமான வரிகள்" என்று சொல்லிவிட்டு, அவற்றை வேறு மாதிரி எழுதினார்.

வெயில் சாய்வதற்குள் அறிக்கை முடிந்தது. காவலாளியின் கொட்டகையில் இருந்த தொலைபேசிக் கம்பியை இரவல் வாங்கிக் கணினியில் செருகினார்கள். மோடம் கீச்சிட்டது. அறிக்கை போய்ச் சேர்ந்தது. தீ மின்கசிவால் வந்ததல்ல, பின்பக்கம் மெருகெண்ணெயில் நனைந்த துணிகளைக் குவித்து வைத்த இடத்தில் தொடங்கியது என்பது அவருடைய முடிவு. நிறுவனம் மறுநாள் வேறொருவரை அனுப்பிப் பார்த்தது. அவரும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு யோகநாதனை மேசை வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வரும் வழியில் தனலெட்சுமி ஒரு வார்த்தை பேசவில்லை. சுபாங் ஜெயாவில் யோகநாதனை இறக்கிவிட்ட பிறகு, "அந்த மெஷின் ஏன் நின்னுச்சுன்னு பாக்கணும்" என்றார் என்னிடம். பார்த்தார். ஃபேக்ஸ் அனுப்பும் நிரல் ஒன்று இடறியிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார்.

போன வாரம் யோகநாதன் தனியாக டாக்சியில் வந்திறங்கி, படியேறி வந்தார். பேச்சு இப்போது நன்றாகத் தேறியிருக்கிறது. புகைப்படங்களையும் அறிக்கையோடு சேர்க்க வேண்டும், டிஸ்க் போதவில்லை என்றார். தனலெட்சுமி புது டிஸ்க்கை ஏற்றி, பழையதில் இருந்தவற்றையெல்லாம் மாற்றி, அவர் கண்முன்னே திறந்து காட்டினார். "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்ணே. அதுக்குள்ள யாராவது புதுசு வாங்கச் சொன்னா எனக்குப் போன் பண்ணுங்க."

புறப்படும்போது யோகநாதன் தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூரணம் செய்த பயற்றம் பணியாரம். எடுத்தவர் நீட்டாமல் தயங்கி நின்றார். சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்கு முன்னால், அந்த ஒரு கையில் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு.

"இடக்கையால தாறன்" என்றார். "குறை நினைக்கக் கூடாது, தங்கச்சி."

தனலெட்சுமி வலது கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. இடது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கையையே நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.